நாற்பத்தாறு டெசிபல்

மாநாட்டின் மூன்றாம் நாள், சாப்பாட்டுக்குப் பின்
களப்பார்வை என்று அட்டவணையில் போட்டிருந்தது.
கிண்டி ஓட்டலிலிருந்து வரும் ஏ.சி. பஸ்
ராயபுரத்தில் முக்கால் மணி நேரம் நிற்கும்,
தண்ணீர் பாட்டில் கூடுதலாக வையுங்கள் என்று
நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.
நிற்கவில்லை.
காசிமேடு, டோல்கேட், தேரடி எல்லாம்
ஞாயிறு விடிகாலைபோல் ஒதுங்கி வழிவிட
நாற்பது நிமிடம் முன்னதாகவே
எர்ணாவூரில் வந்து இறங்கிவிட்டார்கள்
முப்பத்தியொரு மனநல ஆய்வாளர்கள்,
கழுத்தில் நீலப்பட்டையோடு.

முந்தின இரவு பத்து மணிக்கு
கன்டெய்னர் லாரிகள் ஸ்ட்ரைக்.

மூன்று வருடமாக இந்தச் சாலையோரம்
தூக்கத்தைக் கணக்கெடுக்கிறேன்.
அறுபத்திரண்டு வீடு.
டி.வி.க்கு மேலே, சாமி படத்தை ஒட்டி
வீட்டுக்கொரு மீட்டர். சத்தத்தை அளக்கும்.
ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்துவிடுகிறார்கள்.
இரவு இரண்டு மணிக்கு எண்பத்திநாலு காட்டும்.
எத்தனை முறை விழித்தீர்கள்,
மறுபடி தூங்க எத்தனை நிமிடம் ஆனது,
காலையில் மனசு எப்படி இருந்தது,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.
டில்லிராணி மட்டும்
"நீயே ஒண்ணு போட்டுக்க" என்பாள்.
போட்டதில்லை.
ஒரேயொரு தடவை போட்டேன். மழை, கடைசி வீடு. மூன்று.

போலந்துப் பேராசிரியர் மீட்டரை அண்ணாந்து பார்த்தார்.
நாற்பத்தாறு.
பழுதா என்றார்.
லாரி ஓடவில்லை என்றேன்.
எப்போது வரும் என்று கேட்டார்,
ரயிலை விட்டவர் கேட்பதுபோல.

சமுதாயக் கூடத்தில் கண்காட்சி.
தூக்கத்தை வரையச் சொன்னதற்கு
பாதிப் பிள்ளைகள் லாரி வரைந்திருந்தார்கள்.
ஒருவன் லாரிக்கே கண்ணை மூடிவிட்டிருந்தான்.
மூலையில் ஒரு மேசை, ஒரு ஹெட்போன்:
இதே சாலையின் இரவு, ஏழு நிமிடம்.
வேகத்தடையில் பெட்டி துள்ளி விழும் இரும்பு,
ஏர் பிரேக்கின் சீறல், ரிவர்ஸ் மணி.
வரிசையில் நின்று கேட்டார்கள்.
முகம் சுளித்தார்கள், தலையாட்டினார்கள், கழற்றினார்கள்,
வெளியே வந்து அதே சாலையைப் பார்த்தார்கள்.
நட்டநடுவே ஒரு நாய்
காலை நீட்டிப் படுத்திருந்தது.

நேற்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பீர்களே என்று
புனேயிலிருந்து வந்தவர் அன்பாகத்தான் கேட்டார்.
"எங்க தூங்கறது?" என்றாள் டில்லிராணி.
"ஒரு வண்டி போல. காதுல கொய்ங்னு.
புள்ள ஏந்து உக்காந்துனு
இன்னாம்மா ஆச்சுன்னு கேக்குது.
இதுல அவுரு வேற வூட்ல கீறாரு.
யார்டுல வேலை இல்ல.
தூங்காத ஆளு மூச்சு உடறது
எனக்கு நேத்துதான் கேட்டுது."

அமைதி அவர்களுக்குப் பழகவில்லை என்று
ஆங்கிலத்தில் சொன்னேன்.
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
அந்த மூச்சு என்னிடமே தங்கிவிட்டது.
அமைதியா, கூலியா, எது அவளை எழுப்பியதென்று கேட்க
என் படிவத்தில் இடமும் இல்லை.

ஐந்து மணிக்கு பஸ் போனது.
போஸ்டர்களை உரித்துக்கொண்டிருந்தேன்.
"இதுல இன்னா கேக்குது?" என்று
ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.
பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தாள்.
கொஞ்சம் சிரித்தாள்,
அடுத்த வீட்டு ஆளை டி.வி.யில் பார்த்ததுபோல.
அப்புறம் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

ஏழு நிமிடம் முடிகிற நேரம் மேசைக்கு ஓடி
மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.
ஹெட்போன் வாடகை, ஆறு மணிக்குள் தர வேண்டும்.
நாளைய மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல்காரர்
வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறார்.

தூங்க எத்தனை நிமிடம் ஆனது?
நான்கு.
கேட்காமல், பக்கத்தில் நின்று பார்த்து
நான் எழுதிய முதல் பதில்.

அந்த நாற்காலி இருக்கட்டும்,
மத்ததை எடுத்துக்கோங்க என்றேன் பந்தல்காரரிடம்.
சத்தமில்லாமல் அடுக்கத் தொடங்கினார்.
பரவாயில்லண்ணே, நல்லா சத்தமாவே அடுக்குங்க.